நோயாளி நான், துணை அவர்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் கதிரேசன் இந்த நோட்டைப் போடச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஆசீர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு தூங்குகிறார், எதை மறக்கிறார் என்று எழுதிவர வேண்டுமாம். மகளிர் விடுதி வார்டனாக இருந்து, எவள் எப்போது வெளியே போனாள், எப்போது திரும்பினாள் என்று காலமெல்லாம் எழுதியவளுக்கு இது ஒரு வேலையா? ஆனால் வீட்டில் பேச்சுத்துணை இல்லாததால் கொஞ்சம் சளசளவென்றுதான் இருக்கும். டாக்டரிடம் வேண்டியதை மட்டும் வாசித்துக் காட்டினால் போயிற்று.

இன்று ஆஸ்பத்திரி நாள். ஆசீரிடம் "வாங்க, டாக்டரைப் பார்க்கலாம்" என்று நேராகச் சொல்லக் கூடாது. சொன்னால், "பதினோராயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்துல நின்னவன். எனக்கு என்னட்டி சீக்கு?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிடுவார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அதனால் நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏங்க, எனக்கு ஒடம்புக்கு முடியல. துணைக்கு வாரியளா?" என்பேன். உடனே செருப்பைத் தேடுவார். பெண்டாட்டியைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற மனுஷன் இல்லை அவர். மறதி நோய் எதை எதையோ தின்றுவிட்டது, இதை மட்டும் இன்னும் தொடவில்லை.

கதிரேசன் நல்ல நடிகர். டோக்கன் என் பெயரில் இருக்கும். உள்ளே போனதும் என்னைப் பார்த்து, "என்னம்மா செய்யுது?" என்பார். நான் முனகுவேன். பிரஷர் பார்க்கிற பட்டையை என் கையில் சுற்றுவார், காற்று மட்டும் அடிக்கமாட்டார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து "ம், ம்" என்பார். அப்புறம், "துணைக்கு வந்தவங்களையும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் அனுப்புவோம் சார். எங்க ஆஸ்பத்திரி வழக்கம்" என்று ஆசீர் பக்கம் திரும்புவார். "வழக்கம்னா பாத்துக்கிடுங்க" என்று இவரும் பெரிய மனது பண்ணிக் கையை நீட்டுவார்.

என் பாடு, மாதாமாதம் ஒரு புது நோவு சொல்ல வேண்டும். ஆசீருக்குப் போன மாத நோவு மறந்துவிடும். ஆனாலும் எனக்கும் டாக்டருக்கும் சலிக்கக் கூடாதே. பொய் நோவு எனக்குப் புதிதில்லை. பரீட்சை வந்தால் விடுதியில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வரும். ஒருத்திகூட என்னை ஏமாற்றியது கிடையாது. பொய் வலிக்காரி வலிக்கிற இடத்தைப் பளிச்சென்று காட்டுவாள். நிஜமாகவே வலிக்கிறவள்தான் "ஒண்ணுமில்ல மேடம்" என்பாள்.

இன்று, "எடது தோள்ல புடிச்சு தாடை வரைக்கும் இழுக்குது டாக்டர்" என்றேன். காலையில் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது அப்படி ஓர் இழுப்பு இழுத்தது, அதையே எடுத்து விட்டேன். வீட்டில் இருக்கிற காயை வைத்துத்தானே குழம்பு வைக்க முடியும். டாக்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ராஜபோகம். நான் நோயாளி என்பது சாயங்காலம் வரைக்கும் அவருக்கு நினைவில் நிற்கும். "எந்திரிக்காத, படுட்டி" என்று அதட்டிப் படுக்க வைத்தார். ஈரத்துண்டை நெற்றியில் போட்டார். கடுங்காப்பி போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரைக்குப் பதில் உப்பு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். மாதத்தில் ஒரு பகல் நான் கண்ணை மூடுவது அன்றைக்குத்தான்.

ஜூன் 9, திங்கள்

மிக்சியில் சட்னி பாதி அரைபடும்போது கரண்ட் போயிற்று. தெருவில் எல்லா வீட்டிலும் மின்விசிறி ஓடுகிறது. போய்ப் பார்த்தால் மெயின் போர்டில் ஃபியூஸ் கட்டைகளைக் காணோம். ஆசீர் சட்டைப் பை புடைத்துக்கொண்டு நிற்கிறார்.

லைன் வேலைக்காரர்களுக்கு இது வேதவாக்கு. ஒருவன் கம்பத்தில் ஏறினால் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடியும் வரைக்கும் கலெக்டரே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கீழே எவனாவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் மேலே இருப்பவன் கரிக்கட்டை.

"யாரு ஏறியிருக்கா?" என்று கேட்டேன்.

"தெரியல. ஆனா மேல ஆளு இருக்கு" என்றார்.

பழைய அம்மியை நிமிர்த்திப் போட்டு அரைத்து முடித்தேன். கை வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, சட்னி மட்டும் பிரமாதம்.

என் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. அவருக்கு வாங்கும்போது நினைவு வரவில்லை. அடுத்த தடவை வாங்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனைக்கு இரண்டு பேரும் போனோம். காணிக்கைப் பை வந்ததும் ஆசீர் சட்டைப் பையில் கையை விட்டு, கிளம்பும்போது மறுபடி பிடுங்கி வைத்திருந்த ஃபியூஸ் கட்டையைப் போட்டுவிட்டார். பை பிடித்த பெரியவர் விழித்த விழி இருக்கிறதே. பிறகு போய் மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்தேன். கர்த்தருக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரிந்திருக்கும், எனக்குத்தான் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும்.

பாட்டுகள் ஒன்றும் அவருக்கு மறக்கவில்லை. நான்தான் நடுவில் மூச்சு வாங்கி நிறுத்திக்கொண்டேன். கோயிலில் புழுக்கம் ஜாஸ்தி.

ஜூன் 21, சனி

அவர் தூங்கவில்லை. ஆகவே நானும்.

ஜூலை 1, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இந்த மாதம் வெளுத்து வாங்கிவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். "படி ஏறினா மூச்சு முட்டுது டாக்டர். மல்லாந்து படுக்க முடியல, ரெண்டு தலகாணி வேண்டியிருக்கு. சாயங்காலமானா காலு வீங்கிப்போகுது" என்று அடுக்கினேன். ஆசீர் முகம் சுண்டிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதிரேசன் என் காதருகில் குனிந்து, "போன மாசத்த விட நல்லா வருதும்மா" என்றார். எனக்கும் பெருமைதான். எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாம் நடக்கிறதை ஒட்டிச் சொல்வதால்தான் இயல்பாக வருகிறது. அறுபத்தைந்து வயதில் யாருக்குக் கால் வீங்காது?

ஆசீருக்கு எடை கூடியிருக்கிறது. தோலில் ஒரு புண் இல்லை. "இவ்வளவு நல்லா வச்சிருக்கிற வீட்ட நான் பாத்ததில்ல" என்று டாக்டர் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் எடையை யாரும் பார்க்கவில்லை, பார்க்க என்ன இருக்கிறது? சேலைக் கொசுவத்தில் இப்போது இரண்டு மடிப்புக் கூடுதலாக வருகிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

மாத்திரை வாங்க மறுபடியும் மறந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நாசரேத்திலிருந்து என் நாத்தனார் ரெஜினா வந்தாள். ஆசீரின் தங்கை. அவள் வந்தால் வீட்டில் ரேடியோ வேண்டாம். கதவைத் திறந்ததும், "மயினி, என்ன இப்படி வத்திப் போய்ட்டீய?" என்றாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் மெல்ல ஆரம்பித்தாள். இங்கே பாளையங்கோட்டையிலேயே பகல் நேரத்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். மறதி நோயாளிகளுக்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்களாம்.

"ஒங்க அண்ணன நர்சரிக்கு அனுப்பச் சொல்லுதியா?" என்றேன்.

"ஒங்களுக்கும் ஒரு ஓய்வு வேணும்லா மயினி?"

"நான் ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆச்சு."

"பேச்சுல ஒங்கள செயிக்க முடியுமா?" என்று எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினாள். கோபத்தில் கழுவியதால் பாத்திரம் பளபளவென்று இருக்கிறது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை வருடமும் எனக்கு அவர், அவருக்கு நான். ஊரார் பிள்ளைகளை ஒரு விடுதி நிறையப் பார்த்துக்கொண்டவள், சொந்தப் புருஷனை வேனில் ஏற்றி அனுப்பினால் சிரிக்கமாட்டார்களா? அதை விடு. எனக்கே பொறுக்காது. அவர் எங்கேயாவது உட்கார்ந்து என்னைத் தேடுவார் என்று நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது. அப்படியே அடைத்தது. ஓமத்தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 17, வியாழன்

மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். காற்று நன்றாக வந்தது, கொஞ்ச நேரம் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆசீர் கீழ்ப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்போது வந்தாரோ.

"என்ன பாக்கிய?" என்றேன்.

மேலே வந்து வாளியை வாங்கிக்கொண்டு போனார். துணியெல்லாம் கொடியில் காயவில்லை, தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. மறுபடி அலசினேன்.

ஜூலை 25, வெள்ளி

இன்று அவரைத் திட்டிவிட்டேன். ஒன்றுமில்லாத விஷயம். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிட்டார், மறுபடி போட்டேன், மறுபடி தட்டினார். "எங்கேயாவது போய்த் தொலையும்!" என்று கத்தினேன். விடுதிப் பிள்ளைகளைக்கூட அப்படிச் சொன்னதில்லை. அவர் பயந்துபோய், "மேடம், தப்பா எடுத்துக்காதிய" என்றார். என்னை யாரென்று நினைத்தாரோ.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவருக்கு எல்லாம் மறந்திருந்தது. "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டார். மறதியில் இப்படி ஒரு நன்மையும் உண்டு, ஆனால் அது அவருக்கு மட்டும்தான்.

நான் இன்னும் சாப்பிடவில்லை. பசி வரவில்லை. ஓமத்தண்ணீர் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நோட்டைக் கைப்பையில் கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று.

கதிரேசன் லீவில் போயிருக்கிறார். அவர் இடத்தில் ஒரு சின்னப் பெண், டாக்டர் பர்வீன். நாடகம் அவளுக்குத் தெரியாது. டோக்கனில் என் பெயர், நாற்காலியில் நான், முக்காடு போட்டு முனகல் வேறு. ஆசீர் பக்கத்தில் இருக்கும்போது எதையும் விளக்க முடியாது. கண்ணைச் சிமிட்டினேன். அந்தப் பெண், "கண்ணுல ஏதும் பிரச்சனையாம்மா?" என்று டார்ச் அடித்துப் பார்த்தாள்.

கையில் பட்டையைச் சுற்றினாள், காற்றையும் அடித்தாள். ஒரு தடவை பார்த்தாள். மறு கையில் சுற்றி மறுபடியும் பார்த்தாள். "மாத்திரை எடுக்கீங்களாம்மா?" என்றாள்.

"எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எப்ப நிறுத்துனீங்க?"

"நிறுத்தல. வாங்கல."

"வேற என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். நிஜமாகவே நாடகத்தை அதோடு முடித்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னேன்.

ஆசீர் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் வந்துவிட்டார். "இவ சொல்ல மாட்டா டாக்டர். நாஞ் சொல்லுதேன். படியில பாதியில செவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கா. உக்காந்தமானிக்குத் தூங்குதா. நெஞ்சத் தடவிக்கிட்டே இருக்கா. சோறு திங்க மாட்டேங்கா. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்?"

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"துணைக்கு வந்திருக்கேன்."

"அம்மா பேரு?"

அவர் என்னைப் பார்த்தார். தேடுகிறார் என்று தெரிந்தது. விடுதியில் ஒருநாள் விளக்கெல்லாம் அணைந்துபோய், பழுது பார்க்க வந்தபோதுதான் அவரை நான் முதலில் பார்த்தேன். அதுதான் கையில் கிடைத்தது போலிருக்கிறது. "வார்டன்" என்றார். "வார்டன் அம்மா. நல்ல பொம்பள. நல்லாப் பாருங்க டாக்டர்."

அப்புறம் ஈசிஜி எடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பர்வீன் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நான் நடக்கக் கூடாது என்று சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். நான் ஆசீர் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னேன்: "பாருங்கம்மா, நோயாளி அவர்தான். மறதி நோய். நான் சும்மா நடிச்சேன். அவரப் பாத்து மாத்திரை எழுதிக் கொடுங்க, நாங்க போகணும், சோறு வடிக்கணும்."

"ஈசிஜி நடிக்காதும்மா" என்றாள். "இன்னைக்கே அட்மிட் ஆகணும். ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்க மாதிரி இருக்கு."

"இவர யாரு பாப்பா? ரெண்டு நாள் கழிச்சு வாரேன்."

"ரெண்டு நாளுக்கு நான் பொறுப்பு எடுக்க முடியாதும்மா."

விடுதியில் எத்தனை அப்பாக்களைச் சமாளித்திருக்கிறேன், ஒரு சின்னப் பெண்ணைச் சமாளிக்க முடியாதா? கையெழுத்துப் போட்டுவிட்டு என் பொறுப்பில் போகிறேன் என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, போவோம்" என்று ஆசீரைக் கூப்பிட்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர் போவச் சொல்லலியே?" என்றார்.

"சொல்லிட்டாங்க, வாங்க."

"இல்ல. சொல்லல. நான் இங்கதான இருக்கேன்?" நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நோயாளிய வச்சிக்கிட்டு பாதியில போகப்படாது. போனா துணைக்கு வந்தவனத்தான் கேப்பாங்க."

கெஞ்சினேன், அதட்டினேன், வெளியே காப்பி வாங்கித் தருகிறேன் என்றேன். "எனக்கு இப்ப சரியாயிருச்சுங்க" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டு வருடமாக இந்த நாடகத்தை அவருக்குள் ஊட்டி ஊட்டி வளர்த்தது நான். அவர் இல்லாமல் நான் வீட்டுக்குப் போய் என்ன செய்ய? அப்போதுதான் தாடையில் மறுபடியும் இழுத்தது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன். அதாவது, உட்கார வேண்டியதாகிவிட்டது.

இப்போது ஊசி போட்டிருக்கிறார்கள். வலி இல்லை. பர்வீன் ரெஜினாவுக்குப் போன் போட்டுவிட்டாள். ஆசீர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வருகிற நர்ஸ் ஒவ்வொருத்தியிடமும், "நாந்தான் துணை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பயமாக இருக்கிறது. நான் போய்விட்டால் இவருக்கு யார் பொத்தான் போடுவார்கள்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று ஸ்டென்ட் வைத்தார்கள். பெரிய குழாய் ஒன்று கிட்டத்தட்ட முழுக்க அடைத்திருந்ததாம். மணிக்கட்டு வழியாகவே உள்ளே போய்விட்டார்கள். ஆசீர் பார்த்திருந்தால் கேபிள் இழுக்கிற வேலை என்று மேற்பார்வை பார்த்திருப்பார். அவரை ரெஜினா எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள்.

லீவு முடிந்து கதிரேசன் வந்தார். கட்டிலருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாசா மாசம் என்கிட்ட சொல்லியிருக்கீங்கம்மா. தோள், தாடை, மூச்சு, கால் வீக்கம்னு பாடம் மாதிரி வரிசையா சொன்னீங்க. நான் நடிப்புன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் டாக்டர்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நடுவில் அழுகையாகிவிட்டது. அழக் கூடாது, தையல் பிரியும் என்றேன். தையலே போடவில்லை என்றார் டாக்டர்.

போகும்போது சொன்னார்: "இப்படி நோயாளியப் பாத்துக்கிறவங்கதான் முதல்ல விழுறாங்க. தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, தன் மாத்திரைய மறந்துருவாங்க. எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான். ஆனா ஒங்களப் பாக்கும்போது ஞாபகம் வரல. நீங்க அவ்வளவு ஜோரா இருந்தீங்க."

ஆகஸ்ட் 9, சனி

இதை யாருக்கும் வாசித்துக் காட்டப் போவதில்லை.

இந்த நாலு ராத்திரியும் ஒரே மூச்சாகத் தூங்கினேன். மாத்திரை கொண்டுவருகிறார்கள், விழுங்குகிறேன். கஞ்சி கொண்டுவருகிறார்கள், குடிக்கிறேன். ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸ் சொன்னபோது, இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளமாட்டார்களா என்று தோன்றியது.

எனக்கு வீட்டுக்குப் போக ஆசையில்லை. ஆசீர் மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை, அவர் முகத்தைப் பார்க்கத் தவிப்பாகவும் இருக்கிறது. ஆனாலும் போக ஆசையில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கின்றன. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

வீட்டில் என் ராஜ்யம் போய்விட்டது. ரெஜினா சர்வாதிகாரி. குழம்பில் உப்புக் கிடையாது. படி ஏறக் கூடாது, வாளி தூக்கக் கூடாது. ஆசீர் அவளுக்குப் பயந்து ஒழுங்காகப் பொத்தான் போட்டுக்கொள்கிறார். அதில் எனக்கு லேசாகப் பொறாமை.

இன்று அவள் சண்டைக்கே வந்துவிட்டாள். "மாசக்கடைசியில நான் ஊருக்குப் போவணும் மயினி. எனக்கும் வீடு வாசல் இருக்கு. அந்த வேன்காரங்கள்ட்ட சொல்லட்டுமா, வேண்டாமா?"

"அவரு அங்க இருக்க மாட்டாருட்டி. என்னையத் தேடுவாரு."

"தேடட்டுமே. நீங்க உசிரோட இருந்தா சாயங்காலம் கண்டுபிடிச்சிருவாரு. செத்துப்போய்ட்டா எங்க போய்த் தேடுவாரு?"

இப்படிக் கன்னத்தில் அறைகிற மாதிரிப் பேச அவளால்தான் முடியும். கோபித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்த இடத்தின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சும்மா விசாரிக்கத்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே போனேன். சமையலறையில் நுழைந்து பாத்திரத்தைத் தடவிப் பார்த்தேன், கழிவறையை மோந்து பார்த்தேன். வாசல் கேட்டில் உள்தாழ்ப்பாள் உண்டா என்று ஆட்டிப் பார்த்தேன். பொறுப்பாளர் பெண், "மேடம் ஏதும் இன்ஸ்பெக்ஷனா?" என்று கேட்டே விட்டாள்.

குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

வேன் வருகிற நாள். என்ன சொல்லி அனுப்புவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் நகரவே மாட்டார். கல்யாண வீடு என்று சொல்லலாமா, கோயில் அசன விருந்து என்று சொல்லலாமா? ஒன்றுக்கும் அவசியமே வரவில்லை. வேன் நின்றது. கதவைத் திறந்த பையன், "சார், ஏறுங்க" என்றான். உள்ளே நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆசீர் அவர்களைப் பார்த்தார். வேலைக்குப் போகிற கேங்க் என்று நினைத்தாரோ என்னவோ, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாற்பது வருடம்! இந்த மனுஷன் ஒரு நிமிஷம் அழுவார், என் சேலையைப் பிடித்துக்கொள்வார், நான் அதைச் சாக்காக வைத்து இறக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன். அது அப்போதுதான் எனக்கே புரிந்தது. விடுதிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கேட்டுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிற அம்மாக்களை, "பிள்ளை அழலியேன்னா நீங்க அழுறீங்க? போங்க, போங்க" என்று விரட்டியிருக்கிறேன். எவ்வளவு கல்நெஞ்சுக்காரி நான்.

ரெஜினாவும் காலை பஸ்ஸில் போய்விட்டாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, உப்பில்லாத இட்லிப்பொடியோடு இரண்டு இட்லி சாப்பிட்டேன். கண்ணை மூடிக் கொஞ்சம் சாயலாம் என்று படுத்தேன்.

எழுந்தபோது வாசலில் ஹாரன் அடிக்கிறது. வெயில் சாய்ந்துவிட்டது. மத்தியானச் சோறு மூடி வைத்தது வைத்தபடி இருக்கிறது. தலையைக்கூடக் கோதாமல் ஓடினேன். ஓடக் கூடாது என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது, அப்புறம் நடந்தேன்.

ஆசீர் இறங்கினார். முகம் தெளிவாக இருந்தது. நெற்றியில் யாரோ பவுடர் பூசிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் நின்றார்.

"நாளைக்கும் வேலை இருக்கு" என்றார். "காலையிலேயே போவணும். நீ ஒத்தையில இருந்துக்கிடுவியா?"

"இருந்துக்கிடுவேன்" என்றேன்.

இதில் நடிப்பே இல்லை என்று எழுதத்தான் ஆசை. பாதிதான் நிஜம்.